மேசை ஒன்று, கணினி இரண்டு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கடையைச் சாத்திய பிறகு நிதானமாகக் கேட்டேன். கம்பெனி லேப்டாப் வந்துவிட்டது. தம்பி படிக்கிற பழைய டெஸ்க்டாப் ஏற்கெனவே இருக்கிறது. மேசை ஒன்றுதான், மானிட்டர் ஒன்றுதான், கீபோர்டும் மவுஸும் ஒரே ஜோடி. இதையே இரண்டு கணினிக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச் பெட்டி போதுமா, இல்லை முதல் சம்பளத்தில் தவணை போட்டு இன்னொரு மானிட்டர் எடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். மறையூரில் பாதிப் பேச்சிலேயே ரேஞ்சு போய்விடுகிறது. இதுவோ பாதி மட்டும் காதில் விழுந்தால் தப்பாகப் போகிற விஷயம். அதனால்தான் எழுதுகிறேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டு, அவனுக்கும் இதில் வேலை இருக்கிறது.

பெட்டியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் இருவர் நேரத்தையும் கணக்குப் பார்த்துக்கொள். அந்தப் பெட்டி ஒரு சமயத்தில் ஒரு கணினிக்குத்தான் திரையைக் கொடுக்கும். உனக்கு அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலை, சாயங்காலம் ஆறரைக்கு ஷிப்டு. அவன் பள்ளிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்காருவதும் அதே நேரம்தான். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி., ஐ.டி. செய்முறைத் தேர்வு அதற்கும் முன்னால் வந்து நிற்கும். ஏழு மணிக்கு இரண்டு பேருக்கும் ஒரே திரை வேண்டும் என்றால் எந்த ஸ்விட்சாலும் தீர்த்து வைக்க முடியாது. ஆனால் உன் லேப்டாப்புக்குச் சொந்தமாக ஒரு திரை இருக்கிறது, அவன் டெஸ்க்டாப்புக்கு அது இல்லை. அதனால் ஒன்பது மணி வரை மானிட்டர் அவனுக்கு. நீ லேப்டாப்பின் திரையிலேயே வேலையைப் பார். அவன் எழுந்த பிறகு பட்டனை அழுத்து. மானிட்டரும் லேப்டாப் திரையும் சேர்ந்து உனக்கு இரண்டு திரையாகிவிடும். பெரிய சார்ட்டுகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள். ஷிப்டு முழுக்க இரண்டு திரை இல்லாமல் வேலை ஓடாது என்று உன் டீம் லீடர் சொன்னால், ஸ்விட்சை மறந்துவிட்டு ஒரு பழைய பத்தொன்பது இஞ்ச் மானிட்டரைப் பார்ப்போம். புது மானிட்டருக்குத் தவணை வேண்டாம். முதல் வருஷச் சம்பளத்தில் கடன் இல்லாமல் இருப்பது உனக்கு நல்லது.

இனி பெட்டிக்கு வருகிறேன். கடையில் கே.வி.எம். ஸ்விட்ச் என்று கேள். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றின் முதலெழுத்து. சைபெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை நிறுவிய ரெமிஜியஸ் ஷாட்டாஸ் 1995-ல் வைத்த பெயர் என்பார்கள். வீட்டு மேசைக்காக வந்த சாமான் இல்லை இது. சர்வர் அறைகளில் அடுக்கில் பத்துப் பதினாறு கணினி இருக்கும், உட்கார்ந்து பார்ப்பவர் ஒருவர்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மானிட்டர் வைத்தால் அறையும் கொள்ளாது, சூடும் தாங்காது. அங்கே பிறந்து மேசைக்கு வந்தது.

அதற்கும் முன்னால் கைப்பிடியைத் திருகுகிற ஏ-பி பெட்டி இருந்தது. டி.டி.பி. கடைகளில் இரண்டு கணினிக்கு நடுவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திருகினால் இவருக்கு, அந்தப் பக்கம் திருகினால் அவருக்கு என்று ஓட்டுவார்கள். பிரிண்டருக்கு அது பொருந்தியது. கீபோர்டுக்குப் பொருந்தவில்லை. அந்தக் காலத்து உருண்டைப் பின் கீபோர்டை ஓடுகிற கணினியிலிருந்து பிடுங்கித் திரும்பச் செருகினால், பல கணினிகள் அதை அடையாளம் காணாது. ஆப் பண்ணி ஆன் பண்ணித்தான் தீர வேண்டும். அதனால்தான் உள்ளே ஒரு சிப் வைத்து, கீபோர்டு அந்தப் பக்கம் போயிருக்கும்போதும் இந்தக் கணினியிடம் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டிகள் வந்தன. இப்போது யூ.எஸ்.பி. காலம், பிடுங்கிச் செருகினாலும் கணினி கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த இரண்டு வகையும் இன்றைக்கும் கடையில் இருக்கின்றன. மலிவான பெட்டி யூ.எஸ்.பி.யை மொத்தமாக இங்கிருந்து பிடுங்கி அங்கே செருகும். பட்டனை அழுத்தியதும் ஓரிரு விநாடி கீபோர்டு வேலை செய்யாது, டிங் என்று சத்தம் வரும். கொஞ்சம் விலை கூடினது இடைவெளி இல்லாமல் மாறும். உங்களுக்கு மலிவானதே போதும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மாற்றப் போகிறீர்கள், அவ்வளவுதானே.

நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தப் பெட்டியில் பிடித்ததே அதுதான். இரண்டு கணினியும் ஒரே மேசையில், ஒரே கீபோர்டின் கீழே இருந்தும் ஒன்றுக்கு ஒன்று யாரென்றே தெரியாது. இந்தப் பக்கம் காப்பி செய்ததை அந்தப் பக்கம் பேஸ்ட் செய்ய முடியாது. வாங்கியவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். உன் வேலைக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு. ஒரே சமையல்காரம்மா இரண்டு வீட்டுக்கு வேலைக்குப் போகிறார் என்றால், இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டுக்குப் போகாத வரைக்கும்தான் இரண்டு வீட்டிலும் அவருக்கு மரியாதை.

உன் லேப்டாப்பில் இருப்பது முகம் தெரியாத மனிதர்களின் நோய் விவரம். யாருக்குப் புற்று, யாருக்குக் கருக்கலைப்பு, யார் மனநல மருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் உன் கண் முன்னால் ஓடும். அமெரிக்காவில் அதையும் பாதுகாக்க ஹிப்பா என்று 1996-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். உன் கம்பெனி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் வேலையை எடுத்திருக்கும், நீ சேரும்போது போட்ட கையெழுத்துகளிலும் அது ஒன்றாக இருக்கும். நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். மறையூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை நம்பி, ஓஹாயோவிலோ டெக்சாஸிலோ இருக்கும் ஒரு நோயாளியின் காகிதம் வருகிறது. அந்த நம்பிக்கை பெரியது கண்ணு.

அதனால் யாராவது, ஸ்விட்சுக்கு ஏன் காசு, இலவச சாப்ட்வேர் இருக்கிறதே என்று சொன்னால் கேட்காதே. டெஸ்க்ப்ளோ, மைக்ரோசாப்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்று சில உண்டு. ஒரே கீபோர்டு, மவுஸை வைத்துக்கொண்டு வீட்டு நெட்வொர்க் வழியாக இரண்டு கணினியையும் ஓட்டலாம். நல்ல சாப்ட்வேர்கள்தான், நானே என் இரண்டு மெஷினில் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றை இரண்டு கணினியிலும் ஏற்ற வேண்டும், நீ அடிக்கிற எழுத்து நெட்வொர்க்கில் போய்வரும், காப்பி-பேஸ்ட்டும் கடக்கும். கம்பெனி லேப்டாப்பில் கம்பெனி ஏற்றாத எதையும் ஏற்றாதே. ஸ்விட்ச் பெட்டி அப்படியில்லை. லேப்டாப்பின் கண்ணுக்கு அது ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு மானிட்டர், அவ்வளவுதான். இருந்தாலும் கம்பெனி ஐ.டி. பிரிவுக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள். சில கம்பெனிகள் வெளி யூ.எஸ்.பி. எதையுமே அனுமதிப்பதில்லை.

ராணுவம், தூதரகம் மாதிரி இடங்களில் ரகசியக் கணினியும் சாதாரணக் கணினியும் ஒரே மேசையில் இருக்கும். அங்கே தனியாகச் சான்று பெற்ற பாதுகாப்பு கே.வி.எம். வைக்கிறார்கள். அதில் கீபோர்டின் எழுத்து கணினிக்குள் போகலாம், அந்தப் பாதையில் கணினியிலிருந்து எதுவும் திரும்பிக் கீபோர்டுக்கு வர முடியாதபடி ஒருவழிப் பாதையாகவே சர்க்யூட்டை அமைத்திருப்பார்கள். உனக்கு அந்த விலையில் வேண்டாம். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

நம் பெட்டியில் இரண்டு கணினிக்கும் நடுவிலான சுவருக்கு ஓட்டை விழுகிற இடங்கள் உண்டு. ஒன்று பென் டிரைவ். பெட்டியிலேயே கூடுதல் யூ.எஸ்.பி. துளைகள் இருக்கும். அதில் செருகின பென் டிரைவ் பட்டனை அழுத்தியதும் தானாகவே அடுத்த கணினிக்குப் போய்விடும். காப்பி ஓடும்போது அழுத்தினால் பாதியில் பிடுங்கியதற்குச் சமம், பைல் கெட்டுவிடும். அந்தத் துளைகளில் பென் டிரைவே வேண்டாம். தம்பிக்கு வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பில் நேரடியாகச் செருகட்டும்.

இன்னொன்று, பட்டனை அழுத்தினால் லேப்டாப் பூட்டிக்கொள்ளாது. திரை மட்டும்தான் மாறியிருக்கும், பின்னால் உன் நோயாளியின் பக்கம் திறந்தே இருக்கும். யார் வந்து பட்டனைத் தட்டினாலும் அது அப்படியே வந்து நிற்கும். அதனால் விண்டோஸ் சாவியும் எல்-லும் சேர்த்து அழுத்திப் பூட்டு, பிறகு ஸ்விட்சை அழுத்து. விரல் தானாகச் செய்கிற வரைக்கும் இதைப் பழகு. அப்புறம், எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது மறந்து போவது. கடவுச்சொல்லைத் தம்பியின் ரைட்டர் பைலில் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பது எல்லாருக்கும் நடக்கிறது. இரண்டு கணினிக்கும் வால்பேப்பரை வேறு வேறு நிறத்தில் வை. உன்னுடையது கருநீலம், அவனுடையது பச்சை. தூக்கக் கலக்கத்திலும் நிறம் தெரியும்.

தம்பியின் டெஸ்க்டாப்பைப் பழசு என்று நீ இறக்கிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஓடுவது கைட் லினக்ஸ். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது, 2017-ல் அதுவே கைட் நிறுவனமானது. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கத்திலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐ.டி. பாடம் தமிழிலேயே புத்தகமாக வருகிறது. பள்ளி லேபில் அவன் தொடுகிற அதே டெஸ்க்டாப், அதே மெனு வீட்டிலும் இருப்பது அவனுக்குப் பெரிய வசதி. புது கம்ப்யூட்டர் வாங்குவதாகச் சொல்லி அதை எடைக்குப் போட்டுவிடாதே.

வாங்கும் முன் இரண்டு கணினியின் பின்பக்கத்தையும் மானிட்டரின் பின்பக்கத்தையும் நன்றாகப் பார். மானிட்டரில் நீலநிறத்தில் பதினைந்து துளை உள்ள விஜிஏ ஒன்றும், தட்டையான ஹெச்.டி.எம்.ஐ. ஒன்றும் இருந்தால் பெரிய பெட்டியே வேண்டாம். டெஸ்க்டாப்பை விஜிஏ-விலும் லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ.-யிலும் செருகி, மானிட்டரின் இன்புட் பட்டனாலேயே மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டு, மவுஸுக்கு மட்டும் ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஸ்விட்ச் வாங்கினால் போதும். இரண்டு பட்டன் அழுத்த வேண்டும், வேறு சிரமம் இல்லை. செலவில் இதுதான் குறைவு, என் முதல் யோசனையும் இதுதான். தம்பிக்கு ஒரு விளையாட்டுக் காட்டுகிறேன்: லினக்ஸில் டிடிசியூடில் என்று ஒரு நிரல் இருக்கிறது. மானிட்டர் கேபிள் வழியாகவே கட்டளை அனுப்பி இன்புட்டை மாற்றச் சொல்லும். பல மானிட்டர்கள் அதற்குக் கட்டுப்படும். ஒரு ஷார்ட்கட் சாவியில் அதைக் கட்டி வைக்க அவனே கற்றுக்கொள்வான்.

மானிட்டரில் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. மட்டும்தான் என்றால் கே.வி.எம். பெட்டிக்குப் போக வேண்டும். டெஸ்க்டாப்பில் விஜிஏ மட்டும் இருந்தால் நடுவே ஒரு கன்வெர்ட்டரும் வேண்டும். இங்கேதான் கடைக்காரர்கள் ஏமாற்றுவார்கள், இல்லை தெரியாமலே கொடுப்பார்கள். ஒரு முனை விஜிஏ, மறுமுனை ஹெச்.டி.எம்.ஐ. என்று வெறும் ஒயர் ஒன்று விற்கிறது. விஜிஏ 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த அனலாக் முறை, ஹெச்.டி.எம்.ஐ. டிஜிட்டல். உள்ளே சிப் இல்லாமல் ஒன்று இன்னொன்றாக மாறாது. யூ.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்கிற சின்ன டப்பா உள்ள கன்வெர்ட்டராகக் கேள். விஜிஏ-யிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.-க்கு என்று திசையையும் சொல், எதிர்த்திசைக்கானது உதவாது.

பெட்டியின் மேல் 4கே, ஹெச்.டி.எம்.ஐ. 2.0 என்றெல்லாம் போட்டு விலை கூட்டுவார்கள். 4கே திரையை விநாடிக்கு 60 தடவை காட்ட 2.0 வேண்டும், 1.4-இல் அது 30 தடவைதான். உன் மானிட்டர் 1920-க்கு 1080. அதற்கு 1.4 தாராளம். அந்தக் காசை நல்ல கேபிளுக்குப் போடு. கணினியிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து மானிட்டர் என்று நீளம் கூடிக்கொண்டே போகும், அதனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். மேசைக்கு அடியில் சுருட்டி வைக்கிற கேபிளால் லாபம் ஒன்றும் இல்லை.

பெட்டி வைத்த பிறகு நீ கட்டாயம் என்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிற ஒரு தொல்லையை இப்போதே சொல்லிவிடுகிறேன். மானிட்டர் தன் பெயரையும் தன்னால் காட்ட முடிகிற அளவையும் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் தகவலுக்கு ஈடிட் என்று பெயர். மலிவான பெட்டியில் நீ தம்பி பக்கம் மாற்றியதும், உன் லேப்டாப்புக்கு மானிட்டரே காணாமல் போய்விடும். திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப் திரையில் வந்து குவியும். திரும்பி வந்தால் மறுபடி அடுக்க வேண்டும். ஷிப்டில் ஒரு தடவைதான் மாற்றுவாய் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதே போல டெஸ்க்டாப்பை ஆன் பண்ணும்போது பெட்டி உன் பக்கம் இருந்தால், மானிட்டர் இல்லை என்று நினைத்து அது சின்ன அளவில் எழுந்திருக்கும், எழுத்தெல்லாம் உப்பித் தெரியும். பழுது இல்லை அது. முதலில் தன் பக்கம் மாற்றிவிட்டு ஆன் பண்ணு என்று தம்பியிடம் சொல். ஈடிட் எமுலேஷன் உள்ள பெட்டி இந்தத் தொல்லையைத் தீர்க்கும், விலை அதிகம்.

ஹெட்செட்டைப் பெட்டியில் செருகாதே, நேராக லேப்டாப்பில் வை. பேச்சு நடுவே தம்பி பட்டனைத் தட்டினால் அழைப்பே அறுந்துபோகும்.

தமிழ் டைப்பிங்கில் ஒரு சிக்கல் வரும். கீபோர்டு ஒன்றுதான், ஆனால் எந்தச் சாவியில் எந்த எழுத்து என்பது கணினிக்குள்தான் இருக்கிறது. தம்பி பள்ளிப் பழக்கத்தில் இன்ஸ்கிரிப்ட்டில் அடிக்கிறான், நீ போனில் பழகிய ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கிறாய். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் இரண்டு முறை. நாளாவட்டத்தில் இரண்டு பேர் விரலும் குழம்பும். இருவரும் தமிழ்99-க்கு வாருங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று பிரித்திருப்பதால் வேகமும் வரும். லினக்ஸிலும் உண்டு. ஆனால் கம்பெனி லேப்டாப்பில் வெளி சாப்ட்வேர் கூடாது என்று மேலே சொன்னேன், அங்கே உனக்குத் தமிழே தேவைப்படாது. உன் சொந்தத் தமிழ் எழுத்து எல்லாம் தம்பியின் டெஸ்க்டாப்பில் உனக்கென்று ஒரு யூசர் திறந்து அதில் இருக்கட்டும். நீ கவிதை எழுதுவது உங்கம்மா சொல்லித் தெரியும்.

கடைசியாக, மற்றதையெல்லாம் விட முக்கியமானது. பெட்டி வழியாகத் தகவல் கடக்காது என்றேன். கரண்ட் கடக்கும். இரண்டு கணினியின் உடம்பும் மானிட்டரின் உடம்பும் அந்தக் கேபிள்களின் வெளி உறை வழியாக ஒன்றாகிவிடும். அதுவரைக்கும் தனித்தனியாக இருந்தவை. அதனால் எர்த் சரியாக இருக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பின் பவர் சப்ளைக்குள் கரண்ட் வரும் இரண்டு ஒயரிலிருந்தும் கேபினட்டுக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், இரைச்சலை எர்த்துக்கு வடிப்பதற்காக. எர்த் இருந்தால் அது வடிந்துவிடும். இல்லாவிட்டால் கேபினட் பாதி வோல்ட்டில், அதாவது 230-இல் பாதி, 115 பக்கத்தில் மிதக்கும். கேபினட்டின் பின்னால் இருக்கும் திருகில் டெஸ்டரை வைத்துப் பார், உள்ளே இருக்கும் நியான் மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். புறங்கையை லேசாக உரசினால் சுருசுரு என்று இருக்கும். ஆளைக் கொல்கிற கரண்ட் இல்லை அது, மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் அந்த நிலையில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது தெறிக்கிற சின்னப் பொறியை உள்ளே இருக்கும் சிப் தாங்குவதில்லை.

என் கடைக்கு ஒரு அரிசி மில்லிலிருந்து டெஸ்க்டாப் வந்தது. ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் செத்துப் போயிருந்தது, மானிட்டரிலும் அதே துளை செத்திருந்தது. பிளக்கை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பின்னைக் குறடால் மட்டமாகக் கத்தரித்து, வெட்டின இடத்தைத் தேய்த்துக்கூட விட்டிருந்தார்கள். சுவரில் இருந்தது இரண்டு துளை சாக்கெட், அதில் நுழைய வேண்டும் என்பதற்காக. எஸ்டேட் லயங்களிலும் பழைய வீடுகளிலும் இரண்டு துளை சாக்கெட் இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டிலும் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்று ஞாபகம். ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மூன்று துளை சாக்கெட் போட்டு, எர்த் ஒயர் உண்மையிலேயே குழியில் போய்ச் சேருகிறதா என்று பார்க்கச் சொல். முடிந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல். ஸ்விட்ச் பெட்டிக்கு ஒதுக்கின காசு இதற்கே சரியாகப் போய்விடும் என்றால் இதை முதலில் செய், பெட்டி அடுத்த மாசம் வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு டெஸ்க்டாப், மானிட்டர், லேப்டாப் சார்ஜர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் என்று ஆகும். கேபிள் செருகுவதும் எடுப்பதும் எல்லாம் ஆப்பில் இருக்கும்போதுதான்.

இடி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சின்னாறு, மறையூர் மழைநிழல் பகுதி, உங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போதும் சித்திரை, வைகாசியிலும் பிற்பகலில் இடி இறங்கும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரை கவனமாக இருக்கச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறது. உன் ஷிப்டு தொடங்குவது அந்த நேரத்துக்கு நடுவில். முன்பெல்லாம் இடி விழுந்தால் டெஸ்க்டாப் மட்டும் போகும். இனிமேல் அதே கேபிள் வழியாகக் கம்பெனி லேப்டாப்பும் போகும். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் சுவரில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவிவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. முனை, யூ.எஸ்.பி. முனை, சார்ஜர் மூன்றையும் எடுத்துவிடு. பேட்டரியில் வைபையில் வேலை பார். அது இரண்டு மணி நேரமாவது தாங்குமா என்று இப்போதே ஒரு நாள் சோதித்துப் பார்த்து, தாங்காவிட்டால் கம்பெனிக்கு எழுதிப் பேட்டரி மாற்றச் சொல்.

இனி நீ செய்ய வேண்டியது: பகல் வெளிச்சத்தில் டெஸ்க்டாப்பின் பின்பக்கம், மானிட்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கர், லேப்டாப்பின் இரண்டு ஓரமும், மேசைக்குப் பக்கத்து ஸ்விட்ச் போர்டு, இவற்றைப் படம் பிடித்து அனுப்பு. லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும்தான் என்றால் அதன் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது என்று கிட்டத்தில் எடு. எல்லா டைப்-சியிலும் படம் வராது. அதைப் பார்த்துவிட்டு யூ.எஸ்.பி. ஸ்விட்சா, கே.வி.எம்.மா, கன்வெர்ட்டர் வேண்டுமா என்று எழுதுகிறேன். உடுமலையில் கிடைத்தால் அப்பா சந்தைக்குப் போகும்போது வாங்கி வரட்டும், இல்லாவிட்டால் நான் கோயமுத்தூரில் எடுத்து பஸ்ஸில் போட்டு விடுகிறேன். எங்கே வாங்கினாலும் பில்லோடு வாங்கு. இந்தப் பெட்டிகள் போவதென்றால் முதல் சில மாசத்திலேயே போகும், பில் இருந்தால் மாற்றித் தருவார்கள்.

வயர்மேன் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
மாமா